பழுப்புப் புல்லில் ஒரு பச்சைப் பாய்

அத்தியாயம் எட்டு

குழாயின் வாய் வறண்டிருந்தது.

வாரம் முழுக்க மழை. ஓடை கலங்கலாகப் பொங்கிக்கொண்டு போனது. கரை மரங்களின் வேர்கள் நனைந்து கறுத்திருந்தன. ஆனால் கரைச் சரிவிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த கறுப்புக் குழாயின் வாயில் மட்டும் ஒரு சொட்டு இல்லை. துப்பறிவாளன் ஹார்லன் க்ரோல் சேற்றில் மண்டியிட்டு உள்ளே விரலை விட்டான். ஒரு சிலந்தி வெளியே வந்தது. அவனைப் பார்த்தது. திரும்பிப் போய்விட்டது.

"வீட்டுக்காரரே வந்து சொல்லிட்டுப் போறாரு பாஸ்," என்றாள் உதவியாளர் நடீன் ஃபுஸ்கோ. "வாடகைக்கு இடமில்லையாம்."

"தண்ணி வரல நடீன்."

"வரலைன்னா நல்லதுதானே? ஒரு குழாய் ஒழுகலைன்னு கவலைப்படுற முதல் ஆள் நீங்கதான்."

"எல்டன் கவலைப்பட்டான்."

நடீன் சிரிப்பை நிறுத்தினாள். எல்டன் ப்ரை என்ற பெயருக்கு அந்த வாரம் அவர்கள் இருவரிடமும் சிரிப்பு இல்லை.

எல்டன் இந்தத் தெருவுக்குப் புல் வெட்டுகிறவன். வடிகால் போடுகிறவன். இப்போது மாவட்டச் சிறையில் இருந்தான். நாளைக் காலை ஜூரிகள் முடிவு சொல்வார்கள். கொலை என்று சொல்லிவிட்டால் மிசௌரியில் அதற்கு மரண தண்டனை, விஷ ஊசி. கொலையுண்டதாகச் சொல்லப்பட்டவன் கர்ட் ப்ராண்ட். போன ஆகஸ்டில் காணாமல் போனான். உடல் கிடைக்கவில்லை. ஆனால் எல்டனின் டிரக்கில் கிடந்த மண்வாரியில் கர்ட்டின் ரத்தமும் முடியும் ஒட்டியிருந்தன. கர்ட் காணாமல் போவதற்குச் சில நாள் முன்புதான் நடுத்தெருவில் இருவருக்கும் கைகலப்பு. கர்ட் குத்திய குத்தில் எல்டனுக்கு இரண்டு பல் போனது. எல்டன் ரத்தம் துப்பியபடி தெருவே கேட்கக் கத்தினான்: "உன்னைப் புதைச்சு மேல புல்லு வெக்கிறேன்டா, பாரு!"

புல் வைக்கிறவன் வாயில் அந்த வார்த்தை வந்திருக்கக் கூடாது. அரசு வக்கீல் அதை ஜூரிகளிடம் மூன்று முறை வாசித்துக் காட்டினார்.

நேற்று சிறையில், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எல்டன், தன் தரப்புக்கு வேலை செய்யும் க்ரோலிடம் வழக்கைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கூரையில் விழும் மழையைக் காது கொடுத்துக் கேட்டான். பிறகு சொன்னான்: "சார், அந்தப் பக்கம் போனா நான் போட்ட குழாய் ஓடுதான்னு மட்டும் பாத்துட்டு வாங்க. அது அடைச்சா பாவம், ப்ராண்ட் அம்மா வீட்டு பேஸ்மென்ட் ரொம்பிடும்."

க்ரோல் சரிவை நிமிர்ந்து பார்த்தான். மேட்டில் கர்ட் ப்ராண்டின் வீடு. அதற்குக் கீழே வெர்னன் லாஸ்கரின் வீடு. லாஸ்கரின் பின்தோட்டம் முடியும் இடத்தில் இந்த ஓடை. வருடக்கணக்காகக் கர்ட்டின் வீட்டுத் தண்ணீர் லாஸ்கரின் புல்தரையில் இறங்கி அதை அழுகடித்துக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் வேலியோரம் நின்று ஒருவரையொருவர் கொல்வதாகச் சொல்லிக்கொண்டே காலம் தள்ளினார்கள். போன வசந்தத்தில் எல்டன்தான் சமாதானம் செய்துவைத்தான். கர்ட்டின் நிலவறைத் தரையில் இருந்த சாக்கடைத் துளையிலிருந்து, லாஸ்கரின் புல்தரைக்கு அடியில், ஓடை வரைக்கும் ஒரே குழாய்.

"மேல இறங்குற தண்ணி கீழ வரல," என்றான் க்ரோல்.

"நடுவுல யாரோ குடிச்சிட்டாங்க."

"யாருன்னு பாப்போம்."

*

கர்ட்டின் மனைவி யூனிஸ் முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு கதவைத் திறந்தாள். நாற்பத்தைந்து வயது. ஒல்லி. ஆனால் தோள் மட்டும் சுமை தூக்குகிறவருடையது போல இறுகியிருந்தது. இடது மணிக்கட்டு எப்போதோ உடைந்து, வளைந்து கூடியிருந்தது.

சமையலறையில் உட்காரவைத்து வெண்ணெய்க் கேக் வெட்டினாள். காலுக்குக் கீழே எங்கோ தண்ணீர் சலசலத்தது. நிலவறைக்கு இறங்கும் கதவு திறந்திருந்தது. அது மூடிக்கொள்ளாமல் இருக்க கட்டைகளை உருட்டித் தள்ளும் பௌலிங் ஆட்டத்தின் கனத்த கறுப்புப் பந்து ஒன்று முட்டுக் கொடுக்கப்பட்டிருந்தது. பக்கத்தில் வாளிகள்.

"கர்ட்டோட பந்து," என்றாள் யூனிஸ், அவன் பார்வையைக் கவனித்து. "அவர் இருந்தவரைக்கும் இதைத் தொடைக்கக்கூட விடமாட்டார். அழுக்குக் கைன்னு சொல்வார்."

க்ரோல் எழுந்து கதவிடம் போய் எட்டிப் பார்த்தான். கீழே படிக்கட்டின் கடைசிப் படியைக் காணோம். கணுக்கால் ஆழத்துக்குப் பழுப்புத் தண்ணீர். பீர் வைக்கும் பழைய குளிர்பெட்டியைச் செங்கல் மேல் ஏற்றி வைத்திருந்தாள்.

"எப்ப இருந்து இப்படி?"

"நவம்பர் மழையில இருந்து. கொஞ்சம் மொண்டு ஊத்துவேன். மறுபடி வரும். மறுபடி ஊத்துவேன்."

"நாலு மாசமாவா?" நடீன் வாயில் கேக்கோடு கேட்டாள். "மிசஸ் ப்ராண்ட், எங்க சால் மாமா ப்ளம்பர்தான். பக்கத்துலயே கடை. கூப்பிட்டா ஓடி வந்துடுவாரு. வந்தவரைத் திருப்பி அனுப்புறதுதான் கஷ்டம்."

"வேண்டாம்!"

கேக் வெட்டும் கத்தி தட்டில் விழுந்து சத்தம் போட்டது. யூனிஸ் உடனே சிரித்தாள்.

"எனக்கு இதுவே பழகிடுச்சு கண்ணு. கைக்கும் நல்லது."

"குழாய் எல்டன் போட்டதுதானே?" என்றான் க்ரோல். "எந்தப் பக்கமா போகுதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கெப்படித் தெரியும்? அந்த வாரம் நான் ஆஸ்பத்திரியில இருந்தேன்." வளைந்த மணிக்கட்டை மடியில் மறைத்துக்கொண்டாள். "படியில விழுந்துட்டேன்."

வெளியே வந்ததும் நடீன் மெல்லச் சொன்னாள்: "அந்தப் படிக்கு ஆறடி உயரம், பெரிய மீசை. கல்யாண போட்டோவுல பார்த்தேன்."

க்ரோல் ஓடைப் பக்கம் நடந்தான். யூனிஸை அடித்தவனை அவனுக்கும் தெரியும். ஆனால் சிறையில் இருப்பவன் எல்டன்.

*

தெருவே ஜோய்சியா புல். கோடையில் கம்பளம் மாதிரி இருக்கும். முதல் உறைபனி விழுந்ததும் காய்ந்த வைக்கோல் நிறத்துக்குப் போய் மே மாதம் வரை அப்படியே கிடக்கும். இந்த மார்ச் மாதத்தில் வீட்டுக்கு வீடு பழுப்புதான். லாஸ்கரின் தோட்டம் எல்லாவற்றையும் விட நேர்த்தியான பழுப்பு. காலனிச் சங்கம் கொடுக்கிற "இம்மாதத்தின் சிறந்த புல்தரை" பலகை அவர் வீட்டு முன்னால் நிரந்தரமாக நின்ற காலம் உண்டு. இப்போது அது பின்பக்கம் கொட்டகைச் சுவரில் சாய்ந்துகிடந்தது.

அவர்கள் ஓடைப் பக்கமாக ஏறி வந்தார்கள். நடீன்தான் முதலில் நின்றாள்.

"பாஸ். அங்க யாரோ பாய் விரிச்சிருக்காங்க."

தோட்டத்து நடுவில் ஒரு திட்டு வைக்கோல். மழை அதைப் பாதி அடித்துக்கொண்டு போயிருந்தது. மிச்சத்துக்கு அடியில் பச்சை. இளம்பச்சை. நான்கு மூலையும் நேராக வெட்டிய பச்சை. ஆள் நீளம், ஆள் அகலம்.

"வைக்கோல் போர்த்தித் தூங்குது," என்றாள் நடீன். சிரிப்பு வரவில்லை.

"டேய்! என் புல்லை விட்டு எறங்குடா!"

கொட்டகையிலிருந்து லாஸ்கர் ஓடி வந்தார். எழுபதைத் தொடும் மனிதர், ஓய்வுபெற்ற பல் வைத்தியர். கையில் நீளக் கம்பு. கம்பின் நுனியில் பிறைபோல ஒரு தகடு. புல்தரையின் ஓரத்தை நேராகச் சீவ வைத்திருப்பது.

"டாக்டர், பேசத்தான்..."

தகடு காற்றைக் கிழித்தது. க்ரோல் தலையைச் சாய்த்தான். போதவில்லை. இடது காதின் கீழ்ப்பாதி தனியாகப் பறந்து புல்லில் விழுந்தது. முதலில் சூடு தெரிந்தது. பிறகுதான் வலி. சட்டைக் கழுத்து நனைந்தது. லாஸ்கர் மறுபடி ஓங்கினார். க்ரோல் கம்புக்கு அடியில் புகுந்து அவர் வயிற்றில் தோளால் முட்டினான். இரண்டு பேரும் சேற்றில் உருண்டார்கள். கிழவருக்கு நம்பமுடியாத பலம். க்ரோலின் தொண்டையில் இரண்டு கட்டைவிரலும் இறங்கின. பல் பிடுங்கிப் பழகிய விரல்கள். கண்ணுக்குள் கறுப்புப் பூச்சிகள் பறந்தன.

மரம் உடைவது போல ஒரு சத்தம். விரல்கள் தளர்ந்தன.

நடீன் "இம்மாதத்தின் சிறந்த புல்தரை" பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். லாஸ்கரின் மூக்கு ஒரு பக்கமாகப் போயிருந்தது. ரத்தம் தாடையில் வழிந்தது.

"வாழ்த்துகள் டாக்டர்," என்றாள். "இந்த மாசமும் உங்களுக்குத்தான்."

*

கைக்குட்டையைக் காதில் அழுத்திக்கொண்டு க்ரோல் அவர் எதிரில் குந்தினான்.

"இந்தப் பச்சைப் புல்லை நீங்களா வெச்சீங்க?"

கழுத்தை நெரித்தபோது வராத கோபம் அந்தக் கேள்விக்கு லாஸ்கருக்கு வந்தது.

"நானா? இதை நானா? பாக்கும்போதெல்லாம் வாந்தி வருது எனக்கு! கடையில சுருட்டிச் சுருட்டி விக்கிறானே, அந்தக் குப்பைப் புல்லு. குளிர்ல கூடப் பச்சையா நிக்கும். என் ஜோய்சியாவுக்கு நடுவுல! ஆகஸ்ட் முழுக்க நான் ஏரிக்கரை வீட்ல இருந்தேன். திரும்பி வந்தப்ப எல்லாமே பச்சை, ஒண்ணும் தெரியல. அக்டோபர்ல பனி விழுந்துச்சு. ஒரு ராத்திரியில எல்லாம் பழுப்பாயிடுச்சு. இது மட்டும் இப்படியே... வைக்கோலைப் போட்டு மூடி வெச்சேன்."

"அடியில என்ன இருக்குன்னு தெரியுமா?"

லாஸ்கர் மூக்கைத் துடைத்துக்கொண்டார். குரல் இறங்கிவிட்டது.

"ஆள் நீளம் இருக்கே. தெரியாம இருக்குமா?"

"அஞ்சு மாசமா வாயைத் திறக்கல."

"எனக்கும் கர்ட்டுக்கும் ஆகாதுன்னு தெருநாய்க்குக்கூடத் தெரியும். என் தோட்டத்துல பொணம் எடுத்தா யாரைப் பிடிப்பாங்க?"

"நீங்க வாயை மூடினதால எல்டனைப் பிடிச்சாங்க. நாளைக்குத் தீர்ப்பு."

 லாஸ்கர் வைக்கோலை மட்டும் பார்த்தார்.

நடீன் போனை எடுத்தாள். "ஷெரிஃபைக் கூப்பிடறேன். தோண்டட்டும்."

"போனை வெய்."

"என்ன வெய்? பொணம் கெடைச்சாச்சு!"

"கெடைச்சா யாருக்கு லாபம்? இந்தத் தோட்டத்துல வேலை செஞ்சவன் எல்டன். புதைச்சு மேல புல்லு வெப்பேன்னு கத்தினவன் எல்டன். மேல புல்லு இருக்கு. இப்போ தோண்டினா அரசு வக்கீல் கட்டிப்புடிச்சு நன்றி சொல்வார். பொணம் போதாது. வெச்ச ஆள் வேணும்."

நடீன் போனை இறக்கினாள்.

"எல்டன் இல்லைன்னு உங்களுக்கு எப்படித் தெரியும் பாஸ்? நல்ல பையன்னு சொல்லாதீங்க. ஜூரிகிட்ட அது செல்லாது."

"டாக்டர், எல்டன் உங்க புல்லைக் கிழிச்சுத்தானே குழாய் போட்டான்? அந்தத் தழும்பைக் காட்டுங்க."

"முடியாது," என்றார் லாஸ்கர். அந்தக் குரலில் முதல் முறையாக மரியாதை. "எனக்கே தெரியாது. ஜோய்சியாவைத் துண்டு துண்டா எடுத்து, தண்ணி தெளிச்சு வெச்சிருந்து, அதே இடத்துல அதே துண்டைப் பொருத்தினான். கோடு தெரியாது."

"அவன் ஆகஸ்ட்ல இந்தக் குப்பைப் புல்லை வெப்பானா? பனி விழுந்தா காட்டிக்கொடுக்கும்னு அவனுக்குத் தெரியாதா? இதை வெச்ச ஆளுக்குப் புல்லுன்னா புல்லு. பச்சையா இருந்தா போதும்." க்ரோல் மண்ணைத் தட்டினான். "இன்னொண்ணு. ஆகஸ்ட்ல இங்க மண்ணு எப்படி இருக்கும்?"

"செங்கல். கடப்பாரையே துள்ளும்."

"அப்ப ஒரு மண்வாரியால ஆள் ஆழம் தோண்டணும்னா?"

"நடக்காது. ஏற்கெனவே தோண்டி மூடின இடமா இருந்தாதான்..."

லாஸ்கர் நிறுத்தினார். மேட்டு வீட்டைப் பார்த்தார். ஓடையைப் பார்த்தார். இரண்டுக்கும் நடுவே, நேர்கோட்டில், பச்சைப் பாய்.

"குழாய் மேல," என்றார்.

"குழாய் மேலதான். எல்டனுக்கு அது எங்க இருக்குன்னு தெரியும். உங்களுக்கும் தெரியும். ரெண்டு பேரும் தெரிஞ்சே அதை வெட்டியிருக்க மாட்டீங்க. தோண்டின ஆளுக்கு அது தெரியாது. அங்கங்க குத்திப் பார்த்து, மண்ணு இளகின இடத்துல தோண்டியாச்சு. குழாய் வெட்டுப்பட்டுச்சு. கர்ட்டைப் போட்டு மூடியாச்சு. நவம்பர்ல மழை வந்தது. தண்ணி கர்ட் வரைக்கும் வந்து நின்னுடுச்சு. அதனால யார் வீட்ல ரொம்பிச்சு?"

மேட்டில் ஒரு கதவு திறந்தது. யூனிஸ் வாளியோடு வந்தாள். ஊற்றினாள். உள்ளே போனாள்.

நடீன் மூடிய அந்தக் கதவையே பார்த்தாள்.

"ப்ளம்பர் வந்தா அடைப்பெடுக்குற ஸ்பிரிங் கம்பியை விடுவான்," என்றாள். "கம்பி போய் முட்டுற இடம் எதுன்னு கேட்பான். அதான் என் மாமாவை வேண்டாம்னாங்க. புருஷன்தான் அடைப்பு."

"உங்க மாமாவோட கம்பியைக் கடன் வாங்கிட்டு வா. மாமா வேண்டாம்."

*

"இலவசம்தான் மிசஸ் ப்ராண்ட்," என்றான் க்ரோல். காதில் கட்டு. கையில் உருளையில் சுற்றிய ஸ்பிரிங் கம்பி. "நானே எடுத்துவிடறேன்."

"வேண்டாம்னு சொன்னேனே."

"அப்ப ஷெரிஃப் ஆபீஸ்ல சொல்லி ஆள் அனுப்பச் சொல்லட்டுமா?"

யூனிஸ் அவன் காதைப் பார்த்தாள். கம்பியைப் பார்த்தாள். வழிவிட்டாள்.

"காபி போடறேன்," என்றாள்.

கீழே தண்ணீர் குளிர்ந்து கிடந்தது. சாக்கடைத் துளை படிக்கட்டின் அடியில், குளிர்பெட்டிக்கு முன்னால். பீர் எடுக்கக் குனிகிறவன் சரியாக அங்கேதான் நிற்பான். க்ரோல் அதை மனதில் குறித்துக்கொண்டான். போனைக் குளிர்பெட்டி மேல் வைத்து ஒலிபெருக்கியைப் போட்டான்.

"நடீன், எங்க இருக்க?"

"பாய் மேல நிக்கிறேன். டாக்டரும் நிக்கிறார். ஷூ போடாம நிக்கச் சொல்றார். புல்லுக்கு வலிக்குமாம்."

க்ரோல் கம்பியைத் துளையில் விட்டுச் சுற்றினான். அது எல்டன் போட்ட சரிவில் தங்குதடையில்லாமல் இறங்கியது. உருளை காலியாகிக்கொண்டே வந்தது. பிறகு நின்றது. மெத்தென்று எதிலோ முட்டியது. மண் இல்லை. கல் இல்லை.

கைப்பிடியை வேகமாகச் சுற்றினான்.

"பாஸ்." நடீனின் குரலில் கேலி இல்லை. "காலுக்குக் கீழ ஏதோ அசையுது. எலி ஓடுற மாதிரி. டாக்டர், உங்களுக்குத் தெரியுதா?"

லாஸ்கர் போனில் கத்தியது நிலவறை முழுக்க எதிரொலித்தது: "ஐயோ கடவுளே, புல்லு நடுங்குது! அவன்தான்! கர்ட்!"

மேலே சமையலறையில் காபிப் பாத்திரத்தின் சத்தம் நின்றது.

க்ரோல் திரும்பவில்லை. தண்ணீரைப் பார்த்தான். படிக்கட்டு விளக்கின் வெளிச்சம் அதில் கிடந்தது. அந்த வெளிச்சத்துக்கு நடுவில் ஒரு தலை வந்தது. இரண்டு கை வந்தது. கைகளுக்கு நடுவே உருண்டையாக ஒரு கறுப்பு.

அவன் பக்கவாட்டில் பாய்ந்தான்.

பௌலிங் பந்து அவன் தலை இருந்த இடத்தைக் கடந்து, கைப்பிடியில் இருந்த வலது கையில் இறங்கியது. எலும்பு பொடிந்த சத்தத்தை அவன் காதால் கேட்கவில்லை, பல்லால் கேட்டான். தண்ணீர் சுவர் வரை தெறித்தது. அவன் எழுவதற்குள் யூனிஸ் அவன் முதுகின் மேல் இருந்தாள். ஒரு முழங்கால் தோளில். இரண்டு கை பின்கழுத்தில். முகம் தண்ணீருக்குள் போனது. நாலு மாதம் வாளி தூக்கிய கைகள். அசையவில்லை. க்ரோலின் வாயில் மண்ணும் துருவும் நிறைந்தன. இடது கையால் தரையைப் பிராண்டினான். நகம் பிய்ந்தது. கணுக்கால் ஆழத் தண்ணீரில் சாவது கேவலம் என்று ஒரு நினைப்பு வந்து போனது.

போனில் நடீன் "பாஸ்! பாஸ்!" என்று கத்திக்கொண்டிருந்தாள். பிறகு கத்தல் நின்றுவிட்டது.

க்ரோலின் மார்பு தானாக இழுத்தது. தண்ணீர் உள்ளே போனது.

கதவு உடைந்தது. பூட்ஸ் சத்தம். ஒரு அடி, இன்னொரு அடி. முதுகிலிருந்த கனம் சரிந்தது.

நடீன் அவனை முடியைப் பிடித்துத் தூக்கினாள். அவன் பழுப்பாக வாந்தி எடுத்தான். யூனிஸ் சுவரோரம் உட்கார்ந்திருந்தாள். புருவம் பிளந்து ஒரு கண்ணை ரத்தம் மூடியிருந்தது. தண்ணீரில் பலகையின் ஒரு பாதி மிதந்தது. "சிறந்த புல்" என்று மட்டும் இருந்தது.

"நல்ல மரம்," என்றாள் நடீன், மூச்சு வாங்கியபடி. "ஒரே நாள்ல ரெண்டு பேரு."

க்ரோல் உடைந்த கையை மார்போடு அணைத்துக்கொண்டு தண்ணீருக்கு மேலிருந்த படியில் உட்கார்ந்தான்.

"கர்ட் பீர் எடுக்கக் குனிஞ்சார்," என்றான். "இதே இடம். இதே பந்து."

யூனிஸ் தலையசைத்தாள். மறுக்கும் தெம்பு இல்லை. மறுக்கும் ஆசையும் இல்லை போலிருந்தது.

"அன்னைக்கு ஆட்டத்துல தோத்துட்டு வந்தார். பந்தை என் கையில குடுத்து, தொடைச்சு வெய்ன்னார். முதல் தடவையா. நான் தொடைச்சேன். இன்னொரு கையையும் உடைச்சுடுவேன்னு சொல்லிட்டே கீழ எறங்கினார்."

"அதைப் போலீஸ்ல சொல்லியிருக்கலாமே."

"ஷெரிஃப் அவரோட பௌலிங் டீம்." அவள் சிரித்தாள். "ஷெரிஃபோட ஆட்கள் வந்து வீடெல்லாம் தேடினாங்க. இந்தக் கதவு வழியா எத்தனை வாட்டி எறங்கினாங்க தெரியுமா? பந்தைத் தாண்டித் தாண்டிப் போனாங்க. ஒருத்தன் கால்ல இடிச்சுக்கிட்டான்."

"அவ்வளவு பெரிய உடம்பை எப்படிக் கொண்டுபோனீங்க?" என்றாள் நடீன்.

"எல்டனோட தள்ளுவண்டி எங்க ஷெட்ல இருந்துச்சு. மண்வாரியும். இறக்கம்தானே, டாக்டரும் ஊர்ல இல்ல." பிறகு அலட்சியமாகச் சொன்னாள்: "மறுநாள் புல்லு வெட்ட வந்தப்ப மண்வாரியை அவன் டிரக்ல போட்டுட்டேன்."

"எல்டன் உங்களுக்கு என்ன செஞ்சான்?"

"ஒண்ணும் செய்யல. நல்ல பையன். என்னைப் பார்த்து குட் மார்னிங் சொல்ற ஒரே ஆள்."

"நாளைக்கு அவனைக் கொல்லச் சொல்லி எழுதுவாங்க."

யூனிஸ் ரத்தம் மூடாத கண்ணால் அவனைப் பார்த்தாள்.

"ஊசிதானே," என்றாள். "வலிக்காதுன்னு சொல்றாங்க. எனக்கு வலிச்சது."

நடீன் கையிலிருந்த பலகைத் துண்டை மெதுவாகக் கீழே வைத்தாள். 

"இதெல்லாம் நீங்க ரெண்டு பேர் மட்டும்தானே கேட்டீங்க," என்றாள் யூனிஸ். "ஒருத்தர் எல்டன் தரப்பு துப்பறிவாளர். ஒருத்தி அவர்கிட்ட சம்பளம் வாங்குறவ. ஷெரிஃப் உங்களை நம்ப மாட்டார்."

"நானும் கேட்டேன்."

குரல் குளிர்பெட்டியின் மேலிருந்து வந்தது. போனின் திரை இன்னும் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

"ஓடும்போது என் போனை டாக்டர் கையில திணிச்சுட்டு வந்தேன்," என்றாள் நடீன். "வெச்சிடாதீங்கன்னு சொன்னேன்."

"எல்லாத்தையும் கேட்டேன் யூனிஸ்," என்றார் லாஸ்கர். உடைந்த மூக்கில் பேசினார்.  "பனி விழுந்த அன்னைக்கே நான் பேசியிருக்கணும். மிஸ்டர் க்ரோல், நாளைக்கு நான் கோர்ட்டுக்கு வர்றேன். என் புல்லைத் தோண்டட்டும். முழுசாத் தோண்டட்டும்."

க்ரோல் இடது கையால் கம்பியைப் பிடித்தான். நடீனும் பிடித்தாள். இருவரும் சேர்ந்து இழுத்தார்கள். வரவில்லை. இன்னொரு முறை இழுத்தார்கள். எங்கோ மண்ணுக்குள் ஏதோ கிழிந்தது. கம்பி வேகமாகப் பின்வாங்கி வந்தது. நுனியில் மஞ்சள் துணி ஒன்று முறுக்கிக்கொண்டிருந்தது. பௌலிங் சட்டையின் மார்புப் பை. அழுக்குக்கு அடியில் சிவப்பு நூலால் தைத்த பெயர் தெளிவாக இருந்தது. கர்ட்.

துளை ஒரு பெரிய ஏப்பம் விட்டது.

தண்ணீர் நடுங்கியது. பிறகு சுழலத் தொடங்கியது. பலகைத் துண்டு மெல்ல நகர்ந்து துளையைச் சுற்றி வந்தது. மிதந்த பீர் மூடிகள் அதன் பின்னால் போயின. கடைசிப் படி வெளியே தெரிந்தது.

"ஓடைக்கரைக் குழாயில தண்ணி வருது!" என்று போனில் லாஸ்கர் கூவினார். "பையன் போட்ட குழாய் ஓடுது! கறுப்பா வருது, ஆனா ஓடுது!"

லாஸ்கர் தன் போனில் கூப்பிட்டிருந்த ஷெரிஃபின் சைரன் தூரத்தில் கேட்டது. நடீன் யூனிஸின் புருவத்தில் தன் கழுத்துத் துணியை வைத்து அழுத்தினாள். யூனிஸ் அதைக் கவனிக்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிமெண்ட் திட்டுத் திட்டாக வெளியே வந்தது. பந்து ஒரு பள்ளத்தில் பளபளத்து நின்றது. நவம்பருக்குப் பிறகு இப்போதுதான் அந்தத் தரையை அவள் பார்க்கிறாள்.

கடைசித் தண்ணீரும் உள்ளே போனது. யூனிஸ் குனிந்து பூட்ஸைக் கழற்றினாள். ஜோடி சேர்த்து ஓரமாக வைத்தாள்.